விரிஞ்சிபுரம் மணி காட்டும் கல்லும் செல்போன் நேரமும் ஏன் ஒத்துப்போவதில்லை?

சத்துவாச்சாரிக்காரன்:
வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் மணி காட்டும் கல் இருக்கிறதே, அரைவட்டத்தில் எண்கள், குச்சியை வைத்தால் நிழல் மணி சொல்லும். பிப்ரவரியில் போனபோது செல்போனைவிட அரை மணி நேரம் பின்னால் காட்டியது. நவம்பர் முதல் வாரம் போனால் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது. கல் திரும்பிவிட்டதா?

குடியாத்தம் தறி:
செல்போன் காட்டுவது நம்ம ஊர் நேரமே இல்லை. உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகிற 82.5 பாகை தீர்க்கரேகைக் கணக்கு அது. வேலூர் 79.1. பாகைக்கு 4 நிமிடம் என்றால் 13, 14 நிமிடம் அதிலேயே போய்விடும்.

சத்துவாச்சாரிக்காரன்:
அப்படியானால் வருஷம் முழுக்க ஒரே வித்தியாசம்தானே வரணும் அண்ணா?

காட்பாடி இயற்பியல்:
தம்பி, கல் மேல் குற்றமில்லை. ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை எல்லா நாளும் 24 மணி நேரம் இருப்பதில்லை. டிசம்பர் கடைசியில் அரை நிமிடம் கூடும், செப்டம்பர் நடுவில் 20 விநாடி குறையும். பூமியின் பாதை நீள்வட்டம், ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு அருகில் வேகமாக ஓடுகிறது, அச்சும் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து விநாடி விநாடியாகக் குவிந்து, கல் காட்டும் மணியைப் பிப்ரவரியில் 14 நிமிடம் பின்னாலும் நவம்பரில் 16 நிமிடம் முன்னாலும் தள்ளிவிடும். தீர்க்கரேகையால் வரும் 13, 14 நிமிடத்தையும் சேர்த்தால், நம்ம ஊர் உச்சி பிப்ரவரி 11 வாக்கில் 12.28க்கு, நவம்பர் 3 வாக்கில் 11.57க்கு.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாடியில் ஒரு மீட்டர் கம்பியைச் செங்குத்தாக நடுங்கள். வருஷம் முழுக்க சரியாக 12.14க்கு, அதாவது நம்ம ஊரின் சராசரி உச்சி நேரத்துக்கு, நுனி நிழலில் புள்ளி வையுங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் 8 போன்ற வடிவம் வரும், ஒரு வளையம் பெரியது, ஒன்று சின்னது. டிசம்பரில் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் போகும், ஜூனில் தெற்கே 18. பெரிய வளையம் 15 சென்டிமீட்டர் அகலம். சென்னைக்காரர்களுக்கும் நமக்கும் கிடைத்த பாக்கியம், சூரியன் தலைக்கு மேல் வந்து வடக்கே போவதால் கம்பி நட்ட இடமே சின்ன வளையத்துக்குள் வந்துவிடும். டெல்லியில் இது நடக்காது. ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் உச்சி நேரத்தில் நிழலே இருக்காது.

சத்துவாச்சாரிக்காரன்:
நுனி நிழல் மங்கலாக விழுகிறதே டீச்சர்?

காட்பாடி இயற்பியல்:
நுனியில் சின்ன ஓட்டை போட்ட தகரத்தைப் படுக்கையாக ஒட்டுங்கள், வெளிச்சப் புள்ளி தெளிவாக விழும். தினமும் வேண்டாம், வாரம் ஒரு முறை போதும். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் பெரிய வளையத்தின் ஒரு பக்கம் விட்டுப்போகும், அந்த மாதங்களில் மட்டும் வெயில் கண்ட நாளெல்லாம் குறித்துவிடுங்கள்.