நுவரெலியாவில் வாகன ஹீற்றர் சூடாகவில்லையா? முதலில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து:
கொழும்புக்குள் ஓடும் வரைக்கும் ஹீற்றரை யாரும் தொடுவதில்லை. ஏப்ரல் சீசனில் நுவரெலியா போய் வந்த பிறகுதான் வாகனம் கராஜுக்கு வரும். ஏற்றத்தில் ஓரளவு சூடு, றம்பொடை இறக்கத்தில் வெறும் குளிர்காற்று என்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வ்) திறந்தபடி இறுகியிருக்கும், அல்லது உள்ளே அது இருக்கவே இருக்காது. "சூடான நாட்டுக்கு எதற்கு?" என்று கழற்றி எறியும் மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். அது பெரிய பிழை. எஞ்சின் சூடேறாவிட்டால் கம்பியூட்டர் கூடுதல் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் சூடேறியதும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றும். காலி வீதி நெரிசலில் ஓவர்ஹீட் ஆவதும் அதனால்தான்.

ஸ்கேனர் போட்டு ஓடிப் பாருங்கள். அதிவேகப் பாதையில் எஞ்சின் தண்ணீரின் சூடு 60, 70 பாகையிலேயே நின்றால் சந்தேகமே வேண்டாம். எஞ்சின் போதிய அளவு சூடேறவில்லை என்று சொல்லும் பி0128 பிழைக் கோடும் அநேகமாக இருக்கும். ஸ்கேனர் இல்லையென்றால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் இருக்கும் பக்கத்து ரேடியேற்றர் குழாயைத் தொடுங்கள் (ஃபேனில் கை படாமல்). டொயோட்டாவில் அநேகமாகக் கீழ்க்குழாய். சரியான தெர்மோஸ்டாட் என்றால் அது நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும்.

புதியதையும் சோதித்தே போடுங்கள். பாத்திரத்துத் தண்ணீரில், அடியில் முட்டாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் 82 (பாகை) என்று முத்திரை இருந்தால் அந்தச் சூட்டு வாக்கில் திறக்கத் தொடங்கி, 95 பாகையில் 8 மில்லிமீற்றருக்கு மேல் விரிய வேண்டும். பூட்டும்போது தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு ஊசி மேல்பக்கம் வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். ரப்பர் வளையமும் புதிதாக இருக்கட்டும். சிலிக்கன் பூச வேண்டாம்.

தெமட்டகொடையிலிருந்து:
அண்ணா, டெம்பரேச்சர் சரியாக இருந்தும் ஹீற்றர் சூடாகாத வாகனங்களும் நிறைய வருகின்றன. முதலில் கூலன்ட் மட்டம். குறைந்தால் ஹீற்றர்தான் முதலில் சாகும். அடுத்து, எஞ்சின் சூடான பிறகு டாஷ்போர்டுக்குள் போகும் இரண்டு குழாய்களையும் தொடுங்கள். இரண்டும் சுட்டால் பழுது உள்ளே காற்றைத் திருப்பும் தட்டிலோ அதன் மோட்டரிலோ. ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பு என்றால் ஹீற்றர் கோர் (டாஷ்போர்டுக்குள் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேற்றர்) அடைப்பு, சிலவற்றில் ஹீற்றர் வால்வ். குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வாகனத்தில் கோரிலிருந்து தேயிலைச் சாயம் போல் துருச்சேறு வரும். வெளியேறும் குழாய் வழியாக, எதிர்த்திசையில், மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். கம்பிரசர் காற்றை அடித்தால் பழைய கோர் வெடிக்கும், பிறகு டாஷ்போர்டையே இறக்க வேண்டிவரும்.

நிரப்பும்போது ஹீற்றர் முழுச் சூட்டில், வாகனத்தின் முன்பக்கம் உயர்ந்து நிற்கட்டும். கூலன்டும் வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி.

வெள்ளவத்தையிலிருந்து:
அக்குவா, மூன்றாம் தலைமுறை பிரியஸ் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு: வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, எஞ்சினை முறுக்கிக் கூலன்டில் சிக்கிய காற்றை எடுக்க முடியாது. ஹீற்றர் போட்டால் எஞ்சின் அடிக்கடி ஸ்டார்ட் ஆவது பழுதல்ல.

ரேடியேற்றர் மூடியையும் மாற்றிவிடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை வாக்கிலேயே கொதிக்கும். மூடி தரும் அழுத்தம்தான் அதைத் தடுக்கிறது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டுபோய், அதில் அழுத்த எண் 1.1 என்றிருந்தால் 1.1 தான் கேளுங்கள், 0.9 தந்தால் வேண்டாம்.