வாட்டர் கூலிங் ஃப்ளோ மீட்டர்: பம்ப் வேகத்தைக் குறைத்தால் ரீடிங் தாவுகிறது

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு மடிவாளாவிலிருந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டரின் வாட்டர் கூலிங்கில் ஒய்எஃப்-எஸ்201 ஃப்ளோ மீட்டர் (தண்ணீர் ஓட்டத்தை அளப்பது) போட்டு, ஆர்டுயினோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் ரீடிங் பார்க்கிறேன். லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் (மின்துடிப்பு) தருகிற, எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் அதே கறுப்பு டப்பாதான்.

பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 3 லிட்டர், அசையாமல் நிற்கிறது. ராத்திரி சத்தம் வேண்டாமே என்று வேகத்தைக் குறைத்தால் 1.4, 0, மறுபடி 1.1 என்று தாவுகிறது. சிபியூ சூடு ஏறவில்லை, ஆக தண்ணீர் ஓடத்தான் செய்கிறது. கேபினெட்டைச் சாய்த்துக் காற்றுக்குமிழியும் எடுத்தாயிற்று. இந்த மீட்டர் அளப்பதே நிமிடத்துக்கு 1 லிட்டரிலிருந்துதான்; என் சந்தேகம் அதன் மேல்தான். (இடத்தை மாற்றிப் பார் என்று சொல்லாதீர்கள். ஒரே லூப்பில் (குழாய்ச் சுற்றில்) ஓட்டம் எங்கும் ஒன்றுதான்.)

குறைந்த ஓட்டத்தையும் சரியாகக் காட்டும், கால் இஞ்ச் த்ரெட் உள்ள மீட்டர் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? இதன் அரை இஞ்ச்சுக்கு அடாப்டர் மேல் அடாப்டர் போட்டுக் கண்றாவியாக இருக்கிறது.

அப்புறம், ஓட்டம் நின்றால் கம்ப்யூட்டர் தானே அணைய வேண்டும். மீட்டரின் சிக்னல் வயரை மதர்போர்டு ஃபேன் ஹெடரில் (விசிறியைச் சொருகி அதன் வேகத்தைப் படிக்கும் இடம்) கொடுத்தவர்கள் உண்டா? விசிறியின் ஒரு சுற்றுக்கு 2 பல்ஸ் என்று போர்டு எண்ணும் கணக்கில், நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் 225 ஆர்பிஎம்தான் (நிமிடத்துக்கு 225 சுற்று) வரும். அவ்வளவு குறைவாக இருந்தால் போர்டு படிக்குமா?