கல்லும் இல்லை, கிருமியும் இல்லை, வலி மட்டும் போகவில்லை: கினிப்பன்றி வளர்ப்பவர்கள் எழுதுங்கள்

கானாடுகாத்தான் ஆச்சி:

எங்கள் கினிப்பன்றி கும்மாயத்துக்குச் சிறுநீர் கழிக்கும்போது வரும் வலி மறுபடியும் வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் கல் இல்லை, ஸ்கேனிலும் இல்லை, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவில்லை. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் நடந்த பாதைதான், அதனால் சுருக்கிவிடுகிறேன். மதுரையில் பார்க்கும் மருத்துவர், கிருமி இல்லாத சிறுநீர்ப்பை அழற்சி என்கிறார். அடியோடு போகாது, வரும், தணியும், மறுபடி வரும் என்று சொல்லிவிட்டார்.

என் மனத்தை அரிப்பது வேறு. எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சிவப்புப் பூப்போட்டது. ரத்தம் சிந்தினாலும் அதில் தெரியாது. ஆகவே அப்பச்சியின் பழைய வேட்டியைக் கிழித்துக் கூண்டுக்குள் விரித்திருந்தேன். சாயங்காலம் இரண்டாங்கட்டில் வேலையாக இருந்தபோது அந்தக் குரல் கேட்டது. சிறுநீர் கழிக்கும்போது மட்டும் வரும் இழுத்த கீச்சு. ஓடினேன். நான் நிலைப்படியைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. முதுகைக் கூனி, மயிர் சிலிர்க்க உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் நிமிர்ந்து, முன்னால் கிடந்த அருகம்புல்லைக் கடிக்கத் தொடங்கினாள். வேட்டியில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம்.

வேட்டையாடப்படும் பிராணி நோவைக் காட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்னிடமிருந்துமா மறைக்க வேண்டும்? நான் வீட்டில் இல்லாத நேரங்களில் எத்தனை முறை அழுதிருப்பாள் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

வலியையும் அழற்சியையும் தணிக்கும் மெலாக்சிகாம் மருந்தைக் கொடுத்தால் நடமாட்டம் திரும்புகிறது. ஆண்டிபயாடிக் கொடுத்த சுற்றுகளில் ஒரு மாற்றமும் இல்லை. இப்படி நீண்டநாள் இழுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

தேவகோட்டை வாசகர்:

ஆச்சி, கல் இல்லை என்பதை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடாதீர்கள். எங்களுடையது ஆண். முதல் எக்ஸ்ரேயில் கல் இல்லை என்றார்கள். பின்கால் பக்கம் முழுதாகப் படத்தில் விழவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கல் சிறுநீர்ப்பையைத் தாண்டிக் குழாயில் நின்றிருக்கிறது.

அன்றிரவு அவன் முக்கினான், முக்கினான், ஒரு சொட்டு வரவில்லை. வயிற்றைத் தொட்டால் விறைப்பு. மழையில் திருச்சி ரோட்டில் போகும்போது என் மடியில் அவன் பல்லைக் கடிக்கும் சத்தம் எனக்குக் காரின் சத்தத்துக்கு மேலே கேட்டது. அறுவை செய்து எடுத்த கல்லை மருத்துவர் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். கடலைப் பருப்பில் பாதிதான் இருக்கும். அதற்கா அவ்வளவு பாடு!

பிழைத்துக்கொண்டான். நீங்கள் இன்னொரு படம் எடுத்தே ஆக வேண்டும்.

செக்காலை, காரைக்குடி:

தேவகோட்டை அண்ணன் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. கினிப்பன்றிக்கு வரும் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். படம் சரியாக எடுக்கப்பட்டு, ஸ்கேனும் பார்த்த பிறகு ஆச்சியைப் பயமுறுத்தி மறுபடி மறுபடி மயக்க மருந்துக்கு அனுப்புவது நியாயமில்லை. பெண்ணுக்குச் சிறுநீர்த் துவாரத்தின் பக்கத்தில் கல் நிற்கலாம், அதை மருத்துவர் விரலாலேயே தடவிப் பார்த்துவிடுவார். அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் சீடைக்கும் இதே அழற்சிதான். அவளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, இப்போது தேறியிருக்கிறாள். தண்ணீரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இந்தப் பிராணியின் உடம்பு கால்சியத்தைத் தேவை பார்த்து உறிஞ்சுவதில்லை. தின்றதில் கிடைப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீர் வழியே தள்ளும். அதனால்தான் அதன் சிறுநீர் இயல்பாகவே கலங்கலாக இருக்கும், காய்ந்தால் வெள்ளைப் பொடி படியும். போர்வெல் தண்ணீரில் பாத்திரத்தில் உப்புப் படிகிற வீடாக இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு போர்வெல் தண்ணீரை ஊற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது கீரை. நம் வீடுகளில் பாசத்தோடு முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கொடுப்பார்கள். இரண்டிலும் கால்சியம் அதிகம், வேண்டாம். குதிரை மசாலும் (ஆல்ஃபால்ஃபா) வளர்ந்த கினிப்பன்றிக்கு ஆகாது. அருகம்புல் நல்லது, கழுவி ஈரத்தோடு போடுங்கள். குடைமிளகாய், கொய்யா, கொஞ்சம் கொத்தமல்லி. நம்மைப் போலவே வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்கத் தெரியாத பிராணி, எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. சொட்டு மருந்தைக் குடிதண்ணீரில் கலக்காதீர்கள், சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். அழற்சி உள்ளதற்குத் தண்ணீர் குறைவதுதான் பெரிய ஆபத்து.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். 27 டிகிரியைத் தாண்டினாலே இவற்றுக்குக் கஷ்டம். அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊர் எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். முகப்பில் வைக்காதீர்கள், உள்கட்டில் வையுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி:

தம்பி, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. ஆனால் எங்கள் வீட்டில் ஊற்றுவது வடிகட்டிய தண்ணீர், முருங்கைக்கீரை கொடுத்ததே இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் வருகிறது. அதைத்தான் கேட்கிறேன்.

புதுவயல்:

கால்சியம் பேச்சு நடக்கட்டும். நான் ஒன்றே ஒன்று சொல்ல வந்தேன். பக்கத்து ஊரில் ஒரு மருத்துவர், பெயர் வேண்டாம், என் தங்கையின் கினிப்பன்றிக்குச் சிறுநீரில் ரத்தம் என்றதும் அமாக்சிசிலின் சிரப் எழுதிக்கொடுத்தார். வாய்வழியாக. பென்சிலின் வகை மருந்து இதன் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்று, நஞ்சு உண்டாக்கும் கிருமியை வளரவிடும். கினிப்பன்றி பார்க்கிற எந்த மருத்துவருக்கும் தெரிந்த முதல் பாடம்!

கடைசி நாள் இரவு தங்கை கொய்யாத் துண்டை நீட்டினாள். வாங்கி, வாயில் வைத்துக்கொண்டு, மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. விடிவதற்குள் கழிச்சல் கண்டு காது சில்லிட்டுப்போயிற்று. கொய்யாத் துண்டு பல் பதியாமல் கிடந்தது. தங்கை இன்றுவரை கொய்யா தின்பதில்லை.

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் என்று எழுதினால் எழுந்து வந்துவிடுங்கள். சல்ஃபா-டிரைமெதோபிரிம், என்ரோஃப்ளாக்சசின் வேறு, அவற்றை இதற்குக் கொடுக்கிறார்கள்.

கீழச்சிவல்பட்டி:

ஆச்சி, எங்கள் தேன்குழலுக்கும் எல்லாம் சரியாக இருந்தும்தான் வந்தது. நான் கவனித்தது வீட்டுக் கூட்டத்தை. எங்கள் வீட்டில் கல்யாணம். வளவு முழுக்கப் பந்தி, பட்டாலையில் மேளம். கூண்டை மாடியறைக்கு மாற்றியிருந்தோம். கெட்டிமேளம் கொட்டிய நேரத்தில் அயித்தை மகள் மேலே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். தேன்குழல் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள், கீழே ஈரம், அதில் சிவப்பு. மேளம் நின்ற பிறகும் வெகுநேரம் அசையவில்லை. முன்பும் தீபாவளி வெடிக்குப் பிறகு ஒருமுறை வந்ததை அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன்.

பூனைகளுக்கு வரும் இதேபோன்ற அழற்சியில் மன அழுத்தத்துக்குப் பங்கு உண்டு என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். கினிப்பன்றிக்கும் அப்படித்தான் என்று என் மனம் சொல்கிறது. இப்போது வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாளே பிள்ளையார்பட்டியில் உள்ள தங்கை வீட்டில் விட்டுவிடுகிறேன், கூடவே அவள் தோழியையும். தனியாக அனுப்பினால் அதுவே பயம்.

குளுக்கோசமின் பற்றி யாரும் சொல்லவில்லையே? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பூனைகளுக்கு விற்பதை வாங்கி அனுப்புகிறார். சிறுநீர்ப்பையின் உட்சுவரைக் காக்கும் படலத்துக்கு நல்லது என்கிறார்கள். பூனைகளிடம் செய்த சோதனையில் தெளிவான பலன் தெரியவில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் கொடுக்கிறேன். கெடுதல் எதுவும் கண்ணில் படவில்லை.

பள்ளத்தூர்:

கல்ச்சரைப் பற்றி ஒரு விஷயம். எங்களுடையதற்கு ஒவ்வொரு முறையும் கிருமி இருப்பதாகவே அறிக்கை வரும். ஒவ்வொரு முறையும் ஆண்டிபயாடிக். குடல் கெட்டு, எடை இறங்கி, தோலும் எலும்புமாகிவிட்டான். சிறுநீரைக் கூண்டுத் தரையிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தரையில் புழுக்கை கிடக்கிறது, கிருமி வளராமல் இருக்குமா?

பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு மாதிரி எடுத்தார்கள். அந்த ஊசி இறங்கும்போது மருத்துவர் என்னை அவன் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவன் கத்தவில்லை, என் கட்டைவிரலை நக்கிக்கொண்டே இருந்தான். அவ்வளவு நாள் கசப்பு மருந்தைப் புகட்டிய அதே விரல். அந்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அத்தனை ஆண்டிபயாடிக்கும் தரையில் இருந்த கிருமிக்குக் கொடுத்தது!

இன்னொன்று. சிவப்பாகத் தெரிவதெல்லாம் ரத்தம் இல்லை. சில செடிகளில் உள்ள நிறமியால் சிறுநீர் துரு நிறமாகும், பீட்ரூட் தின்றாலும் சிவக்கும். சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால் ரத்தமா என்று அப்போதே தெரியும். அதே பட்டையில் காரத்தன்மையைச் சொல்லும் pH அளவு 8, 9 என்று காட்டினால் பதற வேண்டாம், இவற்றுக்கு அது இயல்பு.

இப்போது அவனுக்கு மெலாக்சிகாம் மட்டும், மருத்துவர் எழுதிய அளவில். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுகிறேன். சத்தம் வருவதற்கு முன்பே எடை இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, நம்மிடம் மறைக்க முடியாதது அது ஒன்றுதான். ஆச்சி, நீங்களும் எழுதி வாருங்கள். உங்கள் கல்ச்சர் சுத்தமாக வந்திருக்கிறது, அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டிபயாடிக் சுற்று எதற்கு என்று தைரியமாகக் கேளுங்கள். மெலாக்சிகாம் நீண்டநாள் போவதானால் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்பதையும் அன்றைக்கே கேட்டு வாங்கி வாருங்கள்.