தை மாச விருந்தும் மொச்சைக் குழம்பும்: புளி முன்னாலயா, பின்னாலயா?

கல்சட்டி:
தை மாதத்தில் நண்பர்கள் 10 பேரை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் என்ன சமைக்கலாம் என்று சந்தைப்பை நேற்றுப் போட்ட பட்டியலைப் பார்த்தேன். பனங்கிழங்கு, சிறுகிழங்குப் பொரியல், பிடிகருணை மசியல், மொச்சை கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, புது அரிசிச் சோறு. காய்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழம்புக்குச் சொல்லியிருக்கும் வழி தப்பு. "வதக்கியதில் புளியைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் பச்சை மொச்சையைப் போடுங்கள், அதிலேயே வெந்துவிடும்" என்று இருக்கிறது. வேகாது. பயறு மிருதுவாக வேண்டுமானால் அதன் உயிரணுச் சுவரைப் பசைபோல் ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைய வேண்டும், புளிப்பில் அது லேசில் கரையாது. முக்கால் மணி நேரம் கொதித்தாலும் தோல் சவ்வாக இழுக்கும். மொச்சையைத் தனியாக வேக வைத்து, வெந்த பிறகுதான் புளிக்குழம்பில் சேர்க்க வேண்டும். விருந்துக்கு வழி சொல்கிறவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

சந்தைப்பை:
எழுதினது நான்தான், ஒரு எழுத்தும் மாத்தப்போறதில்ல. நான் சொன்னது பச்சை மொச்சை. காஞ்ச மொச்சைக்கு உள்ள சட்டத்தை இங்க கொண்டு வராதீங்க. விருந்துன்னா எட்டு மணிக்கு வரச் சொன்னா ஒன்பதுக்குத்தான் வருவாங்க. நீங்க தனியா வேக வச்சுப் போட்ட மொச்சை அந்த ஒரு மணி நேரத்துல என்ன ஆகும்? மறுபடி சூடு பண்ணினா தோல் கழண்டு மிதக்கும், பருப்பு கரைஞ்சு குழம்பு கூழாயிடும். புளியில வெந்தது முழுசா நிக்கும், உப்பு காரமும் உள்ள இறங்கும். அளவு கேட்டவங்களுக்கு: 10 பேருக்கு உரிச்ச மொச்சை முக்கால் கிலோ (காயா வாங்கினா 2 கிலோ), கத்தரிக்காய் அரைக் கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, புளி 75 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி.

வேலூரான்:
ரெண்டு பேருமே தோலோட போட்டுட்டு வேகுமா வேகாதான்னு அடிச்சுக்கிறீங்க. எங்க பக்கம் பிதுக்கிட்டுத்தான் குழம்பு வைப்பாங்க. உரிச்ச மொச்சையை ராத்திரியே தண்ணில போட்டுடணும். காலைல ஒவ்வொண்ணா விரல்ல புடிச்சு அமுக்கினா பருப்பு வழுக்கிட்டு வெளிய வரும். பத்து பன்னெண்டு நிமிஷத்துல வெந்துடும், தோல் இருந்தாத்தானே சவ்வு. கத்தரிக்காயும் எதையாவது போடாதீங்க, வேலூர் முள் கத்தரிக்காய் போடுங்க. 2023லயே புவிசார் குறியீடு வாங்கின காய், இந்தப் பட்டியல்ல அதோட பேரே காணோம்.

கல்சட்டி:
பிதுக்கினாலும் பிதுக்காவிட்டாலும் புளி பின்னால்தான். தோல் போனால் சவ்வு போகும், ஆனால் பருப்பின் நடுவில் மாவுத்தன்மை வராது. விரலில் வைத்து நசுக்கிப் பாருங்கள். சரியாக வெந்த மொச்சை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெண்ணெயாக நசுங்கும். புளியில் போட்டது இரண்டு பாதியாகப் பிளக்கும், நசுங்காது. வெள்ளையாக ஒரு வரி நடுவில் தெரியும். அந்த வரி தெரிந்தால் அது வேகவில்லை.

முழு முறையையும் எழுதிவிடுகிறேன். மொச்சை முழுகி இரண்டு விரற்கடை மேலே நிற்கும் அளவு தண்ணீரில், உப்பும் துளி மஞ்சளும் போட்டு, திறந்த பாத்திரத்தில் 15 முதல் 20 நிமிடம். முற்றிய காயாக இருந்தால் 25. இன்னொரு அடுப்பில் வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய் வதக்கி, புளியும் குழம்புத்தூளும் சேர்த்துப் பச்சை வாசனை போக 12 நிமிடம் கொதிக்க வேண்டும். அதன்பிறகு மொச்சையை வெந்த தண்ணீரோடு சேர்த்து 8 நிமிடம். அந்தத் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் குழம்பின் ருசியைப் பாதி கொட்டுகிறார்கள்.

பொருநைக்கரை:
கல்சட்டி அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பிடிகருணையைப் புளித்தண்ணியிலதான வேக வைக்கோம்? அது வேகலையா? மசிய மசிய வேகுதுல்லா. கிழங்குக்கு ஒரு நியாயம் மொச்சைக்கு ஒரு நியாயமா?

சந்தைப்பை:
நல்லாக் கேட்டீங்க. இதுக்குப் பதில் சொல்லட்டும்.

கல்சட்டி:
சொல்கிறேன். பிடிகருணையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது. நாக்கிலும் தொண்டையிலும் குத்தி அரிப்பைக் கிளப்புவது அதுதான். அதை அடக்கத்தான் புளியோ அரிசி கழுவின தண்ணீரோ சேர்க்கிறோம், சீக்கிரம் வேக வைக்க அல்ல. தோண்டியெடுத்துச் சில வாரம் ஆன கிழங்கானால் அரிப்பும் குறையும். மேலும் அது மாவுக்கிழங்கு, தோலோடு முழுசாக நெடுநேரம் வேகிறது. மொச்சையோடு அதை ஒப்பிடுவதே சரியில்லை. கத்தரிக்காயைப் பாருங்கள். வெறும் தண்ணீரில் ஐந்தே நிமிடத்தில் குழைகிற காய், புளிக்குழம்பில் காம்போடு முழுசாக நிற்கிறது. ஏன்? புளிப்பு இறுக்கிப் பிடிக்கிறது. மொச்சைக்கும் அதேதான்.

சந்தைப்பை:
அதைத்தானே நானும் சொல்றேன்! கத்தரிக்காய் உடையாம நிக்கிற மாதிரி மொச்சையும் நிக்கணும். நீங்களே என் பக்கம் பேசிட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க. போன மாசம் வத்தக்குழம்புக்கு எண்ணெய் எவ்வளவுன்னு பேசினப்பவும் இதே வேலைதான் பண்ணீங்க. நாலு பேர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டு கடைசி வார்த்தை உங்களோடதா இருக்கணும்.

கல்சட்டி:
வத்தக்குழம்பில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். அதில் இன்றும் மாற்றமில்லை. இங்கே பேச்சு புளியைப் பற்றி. புளி பின்னால்.

அம்மிக்கல்:
யாருமே தண்ணியைப் பத்திப் பேசல. போர் தண்ணியில வேக வைக்கிறவங்களுக்குப் புளி முன்னால போட்டாலும் வேகாது, பின்னால போட்டாலும் வேகாது. உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியம் அந்தப் பெக்டினோட ஒட்டி இறுகிடும். பயறு வேக வைக்க மட்டுமாவது குடிக்கிற தண்ணி எடுங்க. இல்லேன்னா ஒரு சிட்டிகை சமையல் சோடா.

கல்சட்டி:
தண்ணீர் சரி. சோடா வேண்டவே வேண்டாம். பி1 வைட்டமினைக் கெடுக்கும், தோல் வழவழத்துவிடும், வாயில் சோப்பு வாடை அடிக்கும். நண்பர்களுக்கு ஆசையாக வைக்கிற குழம்பில் சோடாவா?

அம்மிக்கல்:
ஒரு சிட்டிகைன்னுதான் சொன்னேன், ஒரு கரண்டி இல்ல. குக்கர்ல ஒரு விசில் விட்டா அதுவும் தேவையில்ல.

கல்சட்டி:
பச்சை மொச்சைக்குக் குக்கர் கூடாது. ஒரு விசிலுக்கே பாதி வெடித்துவிடும். முற்றியதும் இளசும் கலந்துதான் சந்தையில் வருகிறது. உரிக்கும்போதே இரண்டு கிண்ணமாகப் பிரியுங்கள். நகம் இறங்கினால் இளசு, இறங்காவிட்டால் முற்றல். முற்றலை முதலில் போட்டு, 8 நிமிடம் கழித்து இளசைப் போட வேண்டும். குக்கரில் அது முடியாது.

வேலூரான்:
பிதுக்கினா இந்தப் பிரிக்கிற வேலையே இல்ல. இளசு பிதுங்கும்போதே நசுங்கிடும், தானாத் தெரியும்.

சந்தைப்பை:
10 பேருக்கு முக்கால் கிலோ பிதுக்கணும்னா ஒரு ஆள் காலைல இருந்து உக்காரணும். அதுக்கு மேல கிழங்கு சுத்தம் பண்ணணும், சோறு வடிக்கணும். இதையெல்லாம் யார் செய்யறாங்கன்னு யோசிச்சுட்டு எழுதுங்க தம்பி.

வேலூரான்:
நாங்களும் வீட்ல உக்காந்துதான் பிதுக்கறோம்க்கா. வேலைக்குப் பயந்தா விருந்துக்கு ஏன் கூப்பிடணும்?

பொருநைக்கரை:
கிழங்குன்னதும் ஞாபகம் வருது. பட்டியல்ல சிறுகிழங்கைக் கத்தியால சீவச் சொல்லியிருக்கு. இதை எவரும் கேக்கலையே? விரல் மொத்தம்தான் இருக்கும் கிழங்கு, சீவினா மிஞ்சுறது என்ன? அரை மணி நேரம் தண்ணியில போட்டு மண்ணைக் கழுவி, சாக்குல கட்டித் தரையில போட்டு அடிச்சுத் தேய்க்கணும். தோல் தானா உரியும், மிச்சம் இருக்கிற கண்ணை மட்டும் நகத்தால எடுத்தாப் போதும். உரிச்ச கையோட தண்ணியில போட்டிரணும், இல்லேன்னா கறுத்திரும்.

சந்தைப்பை:
மெட்ராஸ் ஃபிளாட்ல சாக்கைத் தரையில அடிச்சா கீழ்வீட்டுக்காரங்க மேல வந்துடுவாங்க. கத்திதான் வசதி.

பொருநைக்கரை:
அப்ப வேக வச்சு உரிங்க. சீவாதீங்க. 12 நிமிசம் அவிச்சா தோல் கையோட வரும். தென்காசிப் பக்கத்துல இருந்து வாங்கி வார கிழங்கைச் சீவித் தள்ளுறதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது.

கல்சட்டி:
கிழங்குக்குத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். மொச்சை உடையக்கூடாது என்றால் அதற்குப் புளி வழியல்ல, அடுப்பு வழி. முக்கால் பதத்தில் இறக்கி அந்தத் தண்ணீரிலேயே மூடி வையுங்கள். விருந்தாளி வாசலில் செருப்பு கழற்றும்போது புளிக்குழம்பைக் கொதிக்க விட்டு மொச்சையைச் சேருங்கள். 8 நிமிடம். அவர்கள் பனங்கிழங்கு நார் உரித்து முடிப்பதற்குள் குழம்பு தயார். உடையவும் உடையாது, வேகாமலும் போகாது.

சந்தைப்பை:
விருந்தாளியை உக்காரவச்சுட்டு நான் அடுப்படியில நிக்கணுமா? குழம்பு வச்சு ஒரு மணி நேரம் ஊறினாத்தான் ருசி. நீங்க சொல்ற மொச்சைல புளியே ஏறியிருக்காது. உள்ள சப்புனு இருக்கும், குழம்பு வேற மொச்சை வேறயா நிக்கும்.

கல்சட்டி:
உப்பு போட்டு வேக வைக்கச் சொன்னேனே, படித்தீர்களா? உப்பு ஏறிய மொச்சை சப்பென்று இருக்காது. புளி வெளியே இருந்தால் போதும். வேகாத மொச்சைக்குள் எந்தப் புளியும் ஏறாது.

அம்மிக்கல்:
பயறுக்கு உப்பு முன்னாலயே போட்டா வேகாதுன்னு காலம் காலமா சொல்றாங்களே, அது மட்டும் பரவாயில்லையா?

கல்சட்டி:
அது தவறான நம்பிக்கை. உப்பு தோலை இளக்கத்தான் செய்யும். இறுக்குவது புளி. எத்தனை முறை சொல்வது?

சந்தைப்பை:
எத்தனை முறை சொன்னாலும் என் குழம்புல புளி முன்னாலதான் வரும். புது அரிசிச் சோத்துக்கு அந்தக் கெட்டிக் குழம்புதான் நிக்கும்.

வேலூரான்:
புது அரிசின்னதும் கேக்கணும். பட்டியல்ல ஒண்ணுக்கு மூணு தண்ணின்னு போட்டிருக்கீங்க. அது பழைய அரிசி அளவு. இப்ப அறுத்து வந்த அரிசிக்கு ரெண்டே அதிகம், களியாயிடும்.

சந்தைப்பை:
வடிக்கிற சோத்துக்கு ஏது அளவு? நான் போட்டது உலை.

வேலூரான்:
உலைன்னா மூணு பத்தாதேக்கா.