செய்மதிச் சோதனை அமைப்புக்கு நிமிடக் கணக்கிலான மழைப் பதிவு தேவை

வணக்கம் உறவுகளே. ஹட்டனில் என் வீட்டு மேசையிலேயே டிவிபி-எஸ்2 செய்மதித் தொடர்பாடல் நியமத்தைச் சரிபார்க்கும் சோதனை அமைப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இது என் இறுதியாண்டுச் செயற்றிட்டம். மென்பொருள் வானொலிக் கருவிகள் (சமிக்ஞையைக் கணினி மென்பொருளால் கையாளும் வானொலிகள்) இரண்டு, நடுவே ஒரு கேபிள். வான்வழியே எதையும் அனுப்பவில்லை.

புவிநிலைச் செய்மதி இருக்கும் 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குச் சமிக்ஞை போய் இறங்கும் கால் விநாடித் தாமதத்தைக் கணினியிலேயே உண்டாக்கிவிட்டேன். சிக்கல் மழைதான். மழை சமிக்ஞையை விழுங்கும்போது, வேகமான ஆனால் எளிதில் பிழைபடும் 32ஏபிஎஸ்கே பண்பேற்றத்திலிருந்து (சமிக்ஞையில் தரவை ஏற்றும் முறை) மெதுவான ஆனால் உறுதியான கியூபிஎஸ்கே வரை படிப்படியாக இறங்கி இணைப்பைக் காக்க இந்த நியமத்தில் வழி உண்டு. அதை நம் மலை மழையை வைத்தே சோதிக்க ஆசைப்படுகிறேன். தோட்டங்களில் எழுதிவைக்கும் நாள் மழையளவு இதற்குப் போதாது. அரை மணி நேரம் கொட்டித் தீர்த்ததும் நாள் முழுக்கத் தூறியதும் அதில் ஒன்றாகவே தெரியும்.

தலவாக்கலை, நுவரெலியா, பதுளைப் பக்கம் நிமிட வாரியாகப் பதியும் மழைமானி யாரிடமாவது இருக்கிறதா? தென்மேற்குப் பருவமழைக் காலத்தின் ஒரு வாரப் பதிவு கிடைத்தாலே பெரிய உதவி.

சமிக்ஞையின் வலுவைக் குறைக்கும் 30 டெசிபல் தணிப்பான் ஒன்றும் இரவலாக வேண்டும். அது இல்லாமல் நேரடியாக இணைத்தால் ஏற்பி பழுதாகிவிடும் என்று அஞ்சுகிறேன். கண்டியில் இருந்தாலும் பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அண்ணன்மாரே, அக்காமாரே, தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.