குடியிலிருந்து மீண்டவர் மறுபடி தவில் வாசிக்கலாமா?

கேள்வி – தஞ்சைக்காரி:
என் தம்பி தவில் வாசிப்பவன். குடிநோய்க்காக மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெற்று, அண்மையில் வீடு திரும்பியிருக்கிறான். அங்கே மாலை வேளைகளில் படம் வரைந்ததும் எல்லோருடனும் சேர்ந்து பாடியதும் மனத்தைத் தெளிவாக்கின என்கிறான். ஆனால் திருவிழாக் கச்சேரி முடிந்ததும் மேளக்காரர்களோடு உட்கார்ந்து குடித்தே பழகியவன் அவன். கலை காப்பாற்றும் என்று நம்பித் தவிலை அவன் கையில் கொடுப்பதா, அதுவே அவனைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுமா?

பதில் – மனநலச் செவிலியர்:
நீண்ட நாள் குடித்தவரின் மூளையில் இன்பத்தை உணர்த்தும் டோபமின் அமைப்பு மழுங்கிப்போவதால், விட்ட தொடக்க மாதங்களில் எதிலும் சுவை தெரியாது. அந்த வெறுமையே குடிக்கத் தூண்டும். இசை அங்கே கைகொடுக்கிறது. வழக்கமான சிகிச்சையுடன் இசைச் சிகிச்சையையும் சேர்த்தால் குடி உள்ளிட்ட போதைப்பொருள் வேட்கை குறைகிறது, சிகிச்சையில் ஆர்வம் கூடுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் தெளிவான மாற்றம் தென்படவில்லை. ஆகவே மாத்திரையையும் ஆலோசனையையும் நிறுத்திவிட்டு இசையை மட்டும் நம்ப வேண்டாம். குடிப்பதற்கான தூண்டுதல் இடம், நேரம், கூட்டாளிகள் ஆகியவற்றோடு பிணைந்திருப்பது. உங்கள் தம்பிக்கு இம்மூன்றும் தவிலைச் சுற்றியே இருக்கின்றன.

பதில் – நாகஸ்வரக்காரர்:
சகோதரி, தவிலைப் பூட்டி வைக்காதீர்கள், அது அவருடைய பிழைப்பு. இரவு முழுவதும் நீளும் சுவாமி புறப்பாடுகளை இப்போதைக்குத் தவிர்த்து, காலை முகூர்த்தங்களை மட்டும் ஒப்புக்கொள்ளட்டும்; வாசித்து முடித்ததும் வீட்டார் ஒருவர் அழைத்து வந்துவிடலாம். குடிக்க மறுப்பவரைக் கேலி செய்யும் வழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் போகவில்லை என்பதால், குழுவின் தலைவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம்.

பதில் – ஓவிய ஆசிரியர்:
தவில் ஒருபுறம் இருக்கட்டும், அவர் வரைவதையும் விட வேண்டாம். பழைய வேகத்தில் விரல் ஓடாவிட்டால் தொழிற்கலைஞருக்கு அவமானமாக இருக்கும். படத்தில் அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1942-இல் கலைச் சிகிச்சை என்ற பெயரை வழங்கிய ஏட்ரியன் ஹில், காசநோயிலிருந்து தேறிய காலத்தில் தானே வரைந்து பயன்கண்டவர். இன்னொன்று: குடியால் வைட்டமின் பி1 குறைந்து நரம்புகள் பாதிக்கப்படுவதுண்டு. விரல் மரத்துப்போகிறது என்றால் பயிற்சிக் குறைவு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தஞ்சைக்காரி:
நன்றி. விரல் நுனி மரத்துப்போவதாக அவனும் சொன்னான். முதலில் அதைக் காட்டுகிறோம். தலைவரிடம் என் கணவர் பேசுவார். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் கும்பகோணம் பக்கம் நடக்கிறதா என்பதை யாரேனும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.