முனியாண்டி கோயிலில் எடுத்த படம்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

பால்மரத்துக்காரன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலில் படம் எடுத்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, ஆளெல்லாம் டவுனுக்குப் போன பிறகும் செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கிறதே, அதே கோயில்தான். 'உண்மைச் சம்பவம்' என்று போட அவர்களுக்கு ஒரு கொலை வேண்டியிருந்தது, எங்களிடம் ஒன்று இருந்தது. கும்பல் தகராறு, இருபத்திரண்டு வயதுப் பையன், கோயிலுக்கு முந்நூறு அடி தள்ளிக் கால்வாய் ஓரம். படத்தில் மட்டும் சாமி காலடியிலேயே வெட்டுப்பட்டு விழுகிறான்.

அன்று படக்குழுவுக்குச் சாப்பாடு ஏற்றிப் போனவன் நான். பீடம் முழுக்கச் சிவப்புச் சாயம். சீனிப்பாகு கலந்திருப்பார்கள் போலும், எறும்பு மொய்த்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பையனின் அம்மா சைக்கிளில் வந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாருமாகக் குந்தி உட்கார்ந்து பீடத்தைத் தேய்க்கத் தொடங்கினார். "அம்மா, இன்னும் ஒரு காட்சி பாக்கி இருக்கிறது" என்றார் உதவி இயக்குநர். அவர் திரும்பாமலே, "என் பிள்ளை இங்கே விழவில்லை தம்பி" என்றார்.

கையில் சோற்றுப் பொட்டலத்தோடு நின்றேன். ஒரு வாளித் தண்ணீராவது மொண்டு கொடுத்திருக்கலாம். படம் வந்து நான்கு வருடம் ஆகிறது, இன்னும் நான் பார்க்கவில்லை.

லாரி மாமா:
தம்பி, எல்லாப் பழியையும் படக்காரர்கள் தலையில் போடாதீர்கள். கோயில் சாவியைக் கொடுத்தது யார்? அன்பளிப்பு வாங்கிக் கூரைத் தகரம் மாற்றினார்களா இல்லையா?

என் கதை வேறு. 1993இல் ரவுப்பில் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் கொலையான சமயம், அந்தச் சாலையில் பலகை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் மோனா ஃபெண்டி பேச்சுதான். பாட்டுக்காரியாக இருந்து போமோ, அதாவது மலாய் மந்திரவாதி, ஆனவர். அந்தக் கொலைக்காக 2001 நவம்பர் 2ஆம் தேதி, கணவரோடும் உதவியாளோடும் காஜாங் சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த வழக்கைத் தழுவியது என்று பேசப்பட்ட 'டுக்குன்' 2006இல் எடுத்த படம், 2018 ஏப்ரலில்தான் திரைக்கு வந்தது. ஈப்போவில் பார்த்தேன். மந்திரம் ஓதும் காட்சியில், முன்வரிசை மலாய்க்கார அம்மா சோளப்பொரியைக் கீழே வைத்துவிட்டு வாய்க்குள்ளேயே துஆ ஓத ஆரம்பித்தார். நடிப்பு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். படத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த முணுமுணுப்புதான்.

பூசாரி வீட்டுப் பக்கம்:
பேய்ப்படம் பார்த்துத் திரும்பும்போது கோயில் முன்னால் என் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஆனால் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. காவல் தெய்வத்தின் எல்லையில் கேமராவை இறக்கும் முன் உத்தரவு கேட்க வேண்டும். எலுமிச்சை, சுருட்டு, கறுப்புப் பீர் வைத்து, பூ விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழவில்லையா, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அருவாளைத் தொடக் கூடாது, நடிப்புக்குக்கூட. பக்கத்தில் சீனர்கள் தாங்கள் கும்பிடும் காவல் சாமி டத்தோ கோங்குக்குச் சிவப்புக் கூடு வைத்திருந்தால், பன்றி இறைச்சியோடு அந்தப் பக்கமே போகாதீர்கள், அவர் மலாய்க்கார டத்தோ, முஸ்லிம். இரவில் அந்த வழியாகப் போனால் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், பட்டால் தெரியும்.

கங்காணி பேத்தி:
பூசாரி வீட்டுக்காரரே, டாங்கியில் பெட்ரோல் இருந்ததா?

படம் என்றால் இரவு, மழை, ஆந்தை. 1948 ஜூன் 16இல் இங்கே எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றபோது காலை எட்டரை மணி, நல்ல வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் எலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இரண்டு துரைகள். அதைத் தொடர்ந்துதான் அவசரகாலச் சட்டமே வந்தது, 1960 வரை நீடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த என் பாட்டிக்குச் செய்தி கிடைத்தது பால் நிறுக்கும் கொட்டகையில். கணக்கெழுதும் கிராணி பென்சிலைக் காதில் செருகினானாம், எடுத்தானாம், மறுபடியும் செருகினானாம், பாட்டியின் பாலை மட்டும் எழுதவே இல்லையாம். எண்பது வயதிலும் பாட்டிக்குத் துரைகளைப் பற்றிப் பேச்சில்லை, அன்றைய கூலி போன கோபம்தான். இதை எவன் படம் எடுப்பான்?

பால்மரத்துக்காரன்:
லாரி மாமா, சாவியைக் கொடுத்தது என் அப்பா. தகரமும் மாற்றினோம். சுருட்டு, எலுமிச்சை எல்லாம் அன்றைக்கும் வைத்தோம், பூவும் விழுந்தது.

அந்த அம்மா தேய்த்ததில் பீடம் வெளுத்துவிட்டது. சூலம் ஊன்றிய குழியில் மட்டும் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் விளக்கேற்ற வருகிறார். உள்ளே அப்பா இருந்தால், அவர் போகும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறார்.